குமரி மாவட்டத்துக் கூடங்களில் படம் தெரிய வேண்டுமா? குறைந்த செலவில் கையடக்க ப்ரொஜெக்டர் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ப்ரொஜெக்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது விலையை. அடுத்தது, அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும் லூமன்ஸ் எண்ணை, அதாவது கருவி தரும் ஒளியின் அளவை. இரண்டையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் படம் காட்டப்போகும் அறையில் காலை பதினொரு மணிக்குச் சுவரில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தக் கருவி உங்களுக்கு உழைக்கும், எது அலமாரியில் தூங்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

நம் மாவட்டத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். நாகர்கோவிலில் சில ஓட்டல் அரங்குகளையும் கல்லூரி அரங்குகளையும் விட்டால், இங்கே வேலைக்கான கூட்டங்கள் நடப்பதெல்லாம் பங்குக் கோயில் மண்டபத்தில், ஊர்ச் சமுதாய நலக்கூடத்தில், கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில், பள்ளி வகுப்பறையில், குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையில். எல்லாமே காற்று வரவேண்டும் என்று கட்டியவை. இரண்டு பக்கமும் ஜன்னல், பல இடங்களில் கதவு போடாத சிமெண்ட் ஜாளி. அடைத்து இருட்டாக்கலாம் என்றால் புழுக்கம் தாங்காது, பத்து நிமிடத்தில் ஆட்கள் வேர்த்து வெளியே வந்துவிடுவார்கள். மகளிர் குழுக்களுக்கும் சிறு உற்பத்தியாளர்களுக்கும் பயிற்சி நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டில் சினிமா பார்ப்பவர்களுக்காக எழுதப்படும் பரிந்துரைகள் இந்தக் கூடங்களில் எடுபடாது.

முதல் படி: ப்ரொஜெக்டர் தேவைதானா?

பணத்தை மிச்சப்படுத்தும் இடம் இதுதான், அதனால் நேர்மையாக யோசியுங்கள்.

உங்கள் கூட்டம் எப்போதும் சொந்த அலுவலகத்திலேயே, எட்டுப் பத்துப் பேருடன் நடக்கிறது என்றால் 43 அங்குலத் தொலைக்காட்சியை வாங்குங்கள். சுமாரான தொலைக்காட்சியே விளக்கெல்லாம் எரியும்போதும் பளிச்சென்று தெரியும். 1,000 ரூபாய்க்குள் கிடைக்கும் எச்டிஎம்ஐ கேபிளில் லேப்டாப்பை இணைத்தால் வேலை முடிந்தது. உயரம் ஏறத்தாழ 53 செ.மீ. என்பதால் மூன்று மீட்டருக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எழுத்து நன்றாகத் தெரியும்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று கூட்டம்தான் என்றால் வாடகைக்கு எடுங்கள். கல்யாணம், திருவிழாவுக்கு ஒலி ஒளி அமைப்பவர்கள் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் எங்கும் இருக்கிறார்கள். பலரிடம் ப்ரொஜெக்டரும் திரையும் சேர்ந்தே இருக்கும். வாங்கும் எண்ணம் இருந்தாலும் ஒருமுறை வாடகைக்கு எடுத்து உங்கள் கூடத்தில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. எந்த விமர்சனத்தையும் விட அது அதிகம் சொல்லித்தரும்.

பகலில் பந்தலில் நடக்கும் கூட்டம் என்றால் ப்ரொஜெக்டரை வாங்கவும் வேண்டாம், வாடகைக்கு எடுக்கவும் வேண்டாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற, கிராம சபை கூடும் நாட்களில் பந்தலில் திட்ட விளக்கம் காட்ட நினைக்கிறவர்கள் உண்டு. பகலில் பந்தல் நிழலில்கூட வெளிச்சம் ஆயிரக்கணக்கான லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) இருக்கும். தூக்கிச் செல்லக்கூடிய எந்தக் கருவியும் அதற்கு எதிரே நிற்காது. நான்கு ஃப்ளெக்ஸ் அச்சடித்துக் கட்டுங்கள், எல்லோருக்கும் தெரியும்.

வெவ்வேறு ஊருக்குக் கொண்டுபோய், கூரைக்கு அடியில், பதினைந்து முதல் ஐம்பது பேருக்கு அடிக்கடி காட்ட வேண்டியவர்களுக்குத்தான் ப்ரொஜெக்டர். மீதி எல்லாம் அவர்களுக்காக எழுதியது.

இரண்டாம் படி: சுவரின் வெளிச்சத்தை அளவெடுங்கள்

ஆண்ட்ராய்டு போன்களில் திரையின் மேல் ஓரத்தில் வெளிச்சத்தை உணரும் சென்சார் இருக்கும். லக்ஸ் மீட்டர் என்று தேடினால் இலவசச் செயலிகள் கிடைக்கும். நீங்கள் வழக்கமாகப் போகும் கூடத்தில், கூட்டம் நடக்கும் அதே நேரத்தில், படம் விழப்போகும் சுவரில் போனின் முதுகை ஒட்டிவைத்து, திரை கூடத்தைப் பார்க்கும்படி பிடியுங்கள். வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் சுவரை ஒட்டிய ட்யூப்லைட்டை அணைத்து, பக்கத்து ஜன்னலுக்கு ஒரு போர்வையைக் கட்டி மறுபடி அளந்து பாருங்கள். போன் சென்சார் துல்லியமான கருவி அல்ல, ஆனால் 20 லக்ஸா 200 லக்ஸா என்று பிரித்துக் காட்ட அது போதும்.

பல கூடங்களில் இந்த இரண்டாவது அளவு முதல் அளவில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆட்கள் உட்கார்ந்திருக்கும் பகுதி வெளிச்சமாகவே இருக்கலாம், ஜன்னல்கள் திறந்தே இருக்கலாம், காற்று வரலாம். திரைக்குப் பக்கத்தில் உள்ள வெளிச்சத்தை மட்டும் வெட்டினால் போதும். பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகப் போட்டு வாங்கும் பிரகாசத்தை ஒரு கறுப்புப் போர்வை இலவசமாகத் தந்துவிடுகிறது.

மூன்றாம் படி: எத்தனை லூமன்ஸ் வேண்டும்?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

ப்ரொஜெக்டரால் கறுப்பு நிறத்தைக் காட்ட முடியாது. ஒளி விழாத இடமே கறுப்பு. சுவரில் ஏற்கெனவே வெளிச்சம் இருந்தால் அதுதான் உங்கள் கறுப்பு. ஆகவே வெள்ளைக்கும் இந்தக் கறுப்புக்கும் எத்தனை மடங்கு வித்தியாசம் என்பதே படம் தெரிவதையும் தெரியாததையும் தீர்மானிக்கிறது. சும்மா பார்த்துப் புரிந்துகொள்ள 7 மடங்கு, எழுத்தையும் எண்ணையும் படித்து முடிவெடுக்க 15 மடங்கு என்பது அமெரிக்க ஒலி ஒளித் துறையின் தர அளவுகோலில் உள்ள கணக்கு.

கணக்குப் போடும் முறை எளிது. சுவரில் நீங்கள் அளந்த லக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 7 மடங்கு வேண்டுமென்றால் 6 ஆல், 15 மடங்கு வேண்டுமென்றால் 14 ஆல் பெருக்குங்கள். அதைப் படத்தின் சதுர மீட்டர் பரப்பால் பெருக்கினால் தேவையான லூமன்ஸ் வந்துவிடும். அகலவாக்குப் (16க்கு 9) படத்துக்கு மூலைக்கு மூலை 60 அங்குலம் என்றால் ஏறத்தாழ 1 சதுர மீட்டர், 80 அங்குலம் என்றால் 1.76, 100 அங்குலம் என்றால் 2.76.

மாலை ஆறரைக்கு மேல், முன்விளக்கை அணைத்த மண்டபத்தில் சுவரில் 15 லக்ஸ் என்று வையுங்கள். 80 அங்குலப் படத்துக்கு 7 மடங்கு கிடைக்க சுமார் 160 லூமன்ஸ் போதும், 15 மடங்குக்கு 370. அதே மண்டபத்தில் பகலில், திரைப் பக்கத்து ஜன்னலை மறைத்த பிறகும் 100 லக்ஸ் இருக்கிறது என்றால்? 7 மடங்குக்கே 1,050 லூமன்ஸ் வேண்டும், 15 மடங்குக்கு 2,450. அதனால்தான் பகல்கூட்டம் நடத்துகிறவர்களுக்கு 3,000 லூமன்ஸுக்குக் குறையாத கருவி என்று சொல்வது. மாலைக்கூட்டம் மட்டும் நடத்துகிறவருக்கு அதில் எட்டில் ஒரு பங்கு இருந்தாலே வேலை ஆகிவிடும். அதே மண்டபம்தான். மாறியது நேரம் மட்டும்.

இந்தக் கணக்கில் நான் லூமன்ஸ் என்று சொன்னதெல்லாம் ஆன்சி லூமன்ஸ். படத்தை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் விழும் லக்ஸை அளந்து, சராசரி எடுத்து, பரப்பால் பெருக்கிக் கிடைப்பது அது. ஐஎஸ்ஓ 21118 என்ற உலகத் தரத்தின்படி அளந்த ஐஎஸ்ஓ லூமன்ஸும் நம்பத்தக்கது. இந்த இரண்டில் ஒன்று எழுதியிருக்க வேண்டும். வெறுமனே லூமன்ஸ், எல்இடி லூமன்ஸ், லைட் சோர்ஸ் லூமன்ஸ் என்று எழுதியிருந்தால் அது சுவருக்கு வந்துசேரும் ஒளியை அளந்த எண் என்று நம்ப முடியாது. நல்ல கருவிகளிலும் இந்த இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு: சாம்சங் ஃப்ரீஸ்டைல் என்ற சின்ன ப்ரொஜெக்டர் 550 எல்இடி லூமன்ஸ் என்று சொல்லப்படும், ஆன்சி கணக்கில் அது 230 தான்.

8,000, 12,000 லூமன்ஸ் என்று போட்டு ஏழாயிரம் ரூபாய்க்கு விற்கும் சின்னப் பெட்டிகளின் உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எத்தனை வாட் மின்சாரம் எடுக்கிறது என்று பாருங்கள். வெள்ளை எல்இடி ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமன்ஸ் வரை கொடுக்கும். 60 வாட் எடுக்கும் கருவியில், அத்தனை வாட்டும் விளக்குக்கே போவதாக வைத்தாலும், விளக்கிலிருந்து கிளம்புவது 6,000 முதல் 9,000 லூமன்ஸ். இந்த மலிவு வகைகளில் ஒற்றை எல்சிடி தகடு இருக்கும். அதன் துருவத்தகடு (போலரைசர்) ஒளியில் பாதியையும், நிறச் சல்லடை மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் விழுங்கிவிடும். லென்ஸை அடைவதற்குள் ஆறில் ஒன்றுகூட மிஞ்சாது, அதிலும் லென்ஸ், கண்ணாடி என்று இன்னும் குறையும். கடைசியில் சுவருக்கு வருவது சில நூறு. வாட் எண் பெட்டியில் இருக்காது, அடாப்டரின் அடியில் இருக்கும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கடைசி வரிசைக்குத் தெரியுமா?

படத்தின் உயரத்தைப் போல் ஆறு மடங்கு தூரத்துக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவரால் எழுத்தைச் சிரமப்படாமல் படிக்க முடியாது. 80 அங்குலப் படத்தின் உயரம் 1 மீட்டர், ஆகவே கடைசி வரிசை 6 மீட்டருக்குள். 100 அங்குலம் என்றால் ஏழரை மீட்டர். கூடம் நீளமாக இருக்கிறதே என்று படத்தைப் பெரிதாக்கத் தோன்றும். பெரிதாக்கினால் பரப்பு கூடி வெளிச்சம் நீர்த்துப்போகும். நாற்காலிகளை முன்னுக்கு இழுத்துப் போடுவதுதான் சரியான வழி.

கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 6க்கு 4 அடி முக்காலி ஸ்கிரீனில் அகலவாக்குப் படம் 83 அங்குலம் அளவுக்கு விழும். முப்பது பேர் கூட்டத்துக்கு அது சரியான அளவு, பைக்கில் கட்டியும் கொண்டுபோகலாம். சுவரை நம்பாதீர்கள். நம் கூடங்களில் இளம்பச்சை, நீலம், ரோஸ் என்று விதவிதமாக அடித்திருப்பார்கள், எல்லா நிறமும் படத்தில் கலந்துவிடும். வேட்டியைக் கட்டிக் காட்டுகிறவர்கள் அதன் பின்னால் கறுப்புத் துணி ஒன்றையும் கட்டுங்கள், இல்லாவிட்டால் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் வேட்டி வழியே வந்து படத்தை மங்கவைக்கும். பளபளப்பான ஃப்ளெக்ஸின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தாலும் நடுவில் விளக்கு மாதிரி மின்னும், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கண் கூசும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆடிக் காற்றில் முக்காலி ஸ்கிரீன் நிற்காது. காலுக்கு மணல் பை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ரெசல்யூஷன்

பெட்டியில் ‘1080பி சப்போர்ட்’, ‘4கே சப்போர்ட்’ என்று இருந்தால், அந்த வகை வீடியோவை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். சுவரில் எத்தனை புள்ளிகள் விழும் என்பதை நேட்டிவ் ரெசல்யூஷன் மட்டுமே சொல்லும். மலிவுப் பெட்டிகளில் அது 800க்கு 480 ஆகவோ 1280க்கு 720 ஆகவோ இருக்கும்.

தமிழில் ஸ்லைடு போடுகிறவர்களுக்கு 800க்கு 480 ஒத்துவராது. மெய்யெழுத்தின் புள்ளியும், ணை, னோ போன்றவற்றின் சுழிகளும் மங்கிப்போகும். வரவுசெலவு அட்டவணை காட்டினால் 3 எது 8 எது என்று யாருக்கும் தெரியாது. குறைந்தது 1280க்கு 720 வேண்டும், எக்செல் காட்டுவீர்கள் என்றால் 1920க்கு 1080.

அலுவலக வகைப் பெரிய ப்ரொஜெக்டர்களில் 1024க்கு 768 இன்னும் விற்கிறது. அது பழைய சதுரவாக்கு வடிவம். இன்றைய அகலவாக்கு ஸ்லைடைப் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்து கால்வாசி ஒளி வீணாகும். பவர்பாயின்டில் ஸ்லைடு அளவை 4க்கு 3 என்று மாற்றி வடிவமைத்தால் முழு ஒளியும் கிடைக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் கூடுதல் பணம் கொடுக்க முடிந்தால் 1280க்கு 800 வகையை எடுங்கள்.

எழுத்தின் அளவு 28 பாயின்டுக்குக் கீழே போகவேண்டாம். ஒரு ஸ்லைடில் ஆறு வரி.

ஆறாம் படி: மூன்று வகையில் எது?

சந்தையில் இருப்பதை விலை வாரியாக மூன்றாகப் பார்க்கலாம். விலைகள் தோராயமானவை, பண்டிகைக் கால விற்பனையில் இறங்கும்.

ஐந்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் வரை ஒற்றை எல்சிடி தகடு கொண்ட எல்இடி பெட்டிகள். இரவில், இருட்டில், பத்துப் பேருக்கு வீடியோ காட்ட இவை போதும். ஓரங்களில் எழுத்து மங்கும், தூசி உள்ளே புகுந்தால் படத்தில் கறுப்புத் திட்டு விழும். வாங்கியே ஆகவேண்டும் என்றால் ஒளிப்பகுதி முழுக்க மூடி அடைத்த வகையாகப் பார்த்து வாங்குங்கள். வேலைக்கூட்டத்துக்கு நான் இவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

இருபத்தைந்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை டிஎல்பி சிப் (நுண்ணிய கண்ணாடிகளால் படத்தை உருவாக்குவது) கொண்ட சின்னக் கருவிகள். நெபுலா கேப்சூல் 3 போன்றவை 200 ஆன்சி லூமன்ஸ், உள்ளேயே பேட்டரி. எக்ஸ்ஜிமி மோகோ 2 ப்ரோ 400 ஐஎஸ்ஓ லூமன்ஸ், பேட்டரி கிடையாது, 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜரில் ஓடும். தோள்பையில் போட்டுப் பேருந்தில் போகலாம். எல்இடி விளக்கு 20,000 மணி நேரம் அளவுக்கு வரும், மாற்றவே தேவைப்படாது. காப்பீட்டு ஆலோசகர், கட்டட ஒப்பந்ததாரர், ரிசார்ட்டுகளுக்குப் பொருள் சப்ளை செய்கிறவர் என்று நாலைந்து பேர் முன்னால், திரைச்சீலை உள்ள அறையில் 50, 60 அங்குலத்துக்குக் காட்டுகிறவர்களுக்கு இது பொருந்தும்.

மூன்றாவது, எல்இடிக்குப் பதில் மாற்றக்கூடிய விளக்கு (லாம்ப்) வைத்த அலுவலக ப்ரொஜெக்டர். எப்சன், பென்க்யூ, வியூசோனிக் போன்ற நிறுவனங்களின் ஆரம்ப வகைகள் 3,300 லூமன்ஸைத் தாண்டும், இரண்டரை கிலோ அளவுதான் எடை, புதிது முப்பத்தைந்தாயிரத்தை ஒட்டித் தொடங்கும். பேட்டரி கிடையாது, ஆண்ட்ராய்டு கிடையாது, அழகும் கிடையாது. ஆனால் பகலில், ஜன்னல் திறந்த மண்டபத்தில், நாற்பது பேருக்கு எழுத்து தெரிய வேண்டும் என்றால் இந்த விலையில் இதைத் தவிர வேறு வழியில்லை. குமரி மாவட்டத்தில் பயிற்சி நடத்துகிற பெரும்பாலோருக்கு இதுதான் என் பதில். கையடக்கம் என்றால் உள்ளங்கையில் அடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், லேப்டாப் பையில் அடங்கினால் போதும்.

பட்ஜெட் இருபதாயிரத்துக்குள்தான் என்றால், புதிய மலிவு எல்இடியை விட, பயன்படுத்திய அலுவலக ப்ரொஜெக்டர் மேல். பார்க்க வேண்டியவை: மெனுவில் விளக்கு ஓடிய மணி நேரம் காட்டும், ஆனால் அதைப் பூஜ்யமாக்கவும் முடியும் என்பதால் படத்தையும் சேர்த்துப் பாருங்கள். விளக்கின் ஆயுள் என்று சொல்வது அதன் ஒளி பாதியாகக் குறையும் வரையான காலம். ஆகவே 5,000 மணி நேர விளக்கு 4,500 ஓடியிருந்தால் நீங்கள் வாங்குவது 3,000 லூமன்ஸ் அல்ல. முழு வெள்ளைப் படம் போட்டு மஞ்சள் அல்லது நீலத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எல்சிடி தகடு வெந்திருக்கிறது. டிஎல்பி என்றால் முழுக் கறுப்புப் படத்தில் வெள்ளைப் பொட்டுகள் தேடுங்கள். ஒன்றிரண்டு இருந்தாலும் வேண்டாம், அவை பெருகும். அந்த மாடலுக்குப் புது விளக்கு என்ன விலை, கிடைக்கிறதா என்பதைப் பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: தூரமும் கோணலும்

த்ரோ ரேஷியோ என்று ஓர் எண் இருக்கும். படத்தின் அகலத்தை அதனால் பெருக்கினால் ப்ரொஜெக்டரை வைக்க வேண்டிய தூரம் வரும். 80 அங்குலப் படத்தின் அகலம் 1.77 மீட்டர். எண் 1.2 என்றால் 2.1 மீட்டர், 1.5 என்றால் 2.65 மீட்டர். சின்ன அறைகளில் காட்டுகிறவர்கள் 1.2ஐ ஒட்டிய கருவியைத் தேடுங்கள்.

பெஞ்சில் வைத்து மேல்நோக்கிச் சாய்த்தால் படம் மேலே விரிந்து கோணலாகும். கீஸ்டோன் என்ற வசதி அதைச் சரிசெய்யும், ஆனால் டிஜிட்டலாகப் படத்தைச் சுருக்கித்தான் சரிசெய்யும். அதில் புள்ளிகளும் போகும், வெளிச்சமும் போகும். நேராக வைக்கப் பாருங்கள். வழிபாட்டு மண்டபங்களில் பைபிள் ஸ்டாண்டு, பாட்டுப்புத்தக மேசை என்று உயரமான ஏதாவது இருக்கும், கேட்டால் தருவார்கள்.

எட்டாம் படி: கரண்ட்

தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே நம்மை நனைப்பதால், கூட்டத்தின் நடுவில் கரண்ட் போவது புதிதல்ல. விளக்கு வகை ப்ரொஜெக்டரில் படம் போவதை விடப் பெரிய கவலை, கொதிக்கும் விளக்கைக் குளிர்விக்கும் மின்விசிறி சட்டென்று நின்றுவிடுவது. அடிக்கடி நடந்தால் விளக்கின் ஆயுள் குறையும். இன்வெர்ட்டர் உள்ள கூடமா என்று முன்பே கேளுங்கள். 250 முதல் 300 வாட் எடுக்கும் கருவி, சைன் வேவ் இன்வெர்ட்டரில் பிரச்சினை இல்லாமல் ஓடும். கோயில் ஜெனரேட்டரில் வோல்டேஜ் ஏறி இறங்கும், ஸ்பைக் பாதுகாப்புள்ள பலகை இல்லாமல் அதில் சொருக வேண்டாம். இடி இடிக்கத் தொடங்கினால் பேச்சை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்குங்கள், ஆனால் முதலில் ரிமோட்டில் அணைத்து விசிறி நிற்கும் வரை பொறுத்திருந்துவிட்டு.

சின்னக் கருவிகளில் பேட்டரி இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. பேட்டரியில் ஓடும்போது பல கருவிகள் ஒளியைத் தாமே குறைத்துக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம். பவர்பேங்கில் ஓட்டுவதானால், 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட் மணி, இழப்பு போக 60 என்று வையுங்கள். 60 வாட் எடுக்கும் கருவிக்கு அது ஒரு மணி நேரம். பவர்பேங்க் 65 வாட் பவர் டெலிவரி கொடுக்கும் வகையாக இருக்க வேண்டும், சாதாரணமானதில் கருவி துவங்கவே துவங்காது.

பத்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். நம் மண்டபங்களில் பிளக் பாயின்ட் இருப்பது மேடைக்குப் பின்னால்தான்.

ஒன்பதாம் படி: இணைப்பும் ஒலியும்

எச்டிஎம்ஐ கேபிளில் காட்டுங்கள். வயர்லெஸ் வசதி இருக்கட்டும், அதை நம்பிக் கூட்டத்தைத் தொடங்க வேண்டாம். லேப்டாப்பில் யூஎஸ்பி-சி மட்டும் இருந்தால் அது படத்தை வெளியே அனுப்பும் வகையா என்று பாருங்கள், எல்லா யூஎஸ்பி-சியும் அனுப்பாது. அரசு அலுவலகங்களிலும் பழைய பள்ளிகளிலும் விஜிஏ மட்டும் உள்ள கணினி கிடைக்கும், அதற்கான மாற்றி ஒன்று வைத்திருங்கள். மலிவு ஆண்ட்ராய்டு ப்ரொஜெக்டரில் உங்கள் அலுவலகக் கூகுள் கணக்கைப் போட்டுத் திறக்காதீர்கள், பென்டிரைவில் பிடிஎஃப் ஆகக் கொண்டுபோங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த ஸ்லைடு வேறு கணினியில் குழம்பிப்போகும் என்பதாலும் பிடிஎஃப் நல்லது. ஒலிக்கு மண்டபத்தின் மைக் செட்டில் சொருகிக்கொள்ளுங்கள். கருவிக்குள் இருக்கும் ஸ்பீக்கர், மின்விசிறி இரைச்சலைத் தாண்டி மூன்றாவது வரிசைக்குக் கேட்காது.

பத்தாம் படி: கடையில்

லேப்டாப்பையும், உங்கள் தமிழ் ஸ்லைடையும், ஓர் அட்டவணையையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் போட்டுக்காட்டும் கடல், கிளி, பூ வீடியோவில் எல்லாக் கருவியும் அழகாகத்தான் தெரியும்.

“அண்ணே, இதுல போட்டிருக்கது ஆன்சி லூமன்ஸா?”

“எல்லாம் ஒண்ணுதான் சார், நல்ல வெளிச்சம் வரும்.”

“அப்போ கடை லைட்ட போட்டே காட்டுங்க அண்ணே.”

கடை விளக்கு எரியும்போது 80 அங்குலத்துக்கு எழுத்து தெரிகிறதா, நான்கு மூலையிலும் கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சூடானதும் ஃபோகஸ் நழுவுகிறதா, விசிறி கத்துகிறதா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். போனில் லக்ஸ் செயலி இருக்கிறதே, வெள்ளைப் படத்தில் ஒன்பது இடத்தில் அளந்து சராசரியைப் பரப்பால் பெருக்கினால் உங்கள் கையாலேயே ஆன்சி கணக்கு வந்துவிடும். சுவரில் ஏற்கெனவே இருந்த வெளிச்சத்தைக் கழிக்க மறக்காதீர்கள்.

நாகர்கோவிலில் கிடைக்காத மாடலுக்கு மேற்குப் பக்கத்தார் திருவனந்தபுரம் போவது வழக்கம், மதுரையை விட அது எவ்வளவோ பக்கம். எங்கே வாங்கினாலும் சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று முதலில் கேளுங்கள். அனுப்பி வாங்கும் செலவும் காலமும் உங்கள் தலையில்தான் விழும். 2025 செப்டம்பர் 22 முதல் ப்ரொஜெக்டருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது, பழைய விலைப்பட்டியலை நீட்டினால் இதைச் சொல்லுங்கள். தொழிலுக்காக வாங்குகிறவர்கள் பில்லில் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு வாங்கி, வரி வரவு கிடைக்குமா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால், திரும்பக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் உங்கள் கூடத்திலேயே, உங்கள் கூட்டம் நடக்கும் நேரத்திலேயே ஓட்டிப் பாருங்கள். பெட்டியைத் திறப்பதைப் போனில் படமெடுத்து வையுங்கள். சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றால், விற்றவர் கேட்காதபோது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாங்கிய பிறகு

கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் லென்ஸில் பூஞ்சை படரவைக்கும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி பக்கம் இருப்பவர்கள் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். மாதக்கணக்கில் கூட்டமே இல்லாவிட்டாலும் இடையிடையே ஒரு மணி நேரம் ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது. ஏசி காரிலிருந்து இறக்கியதும் புழுக்கமான மண்டபத்தில் உடனே போடாதீர்கள், லென்ஸில் பனி படர்ந்திருக்கும். கால் மணி நேரம் பையைத் திறந்து வைத்துவிட்டு நாற்காலி போடும் வேலையைப் பாருங்கள்.

ஈசல் பறக்கும் மாலைகளில் அவை நேராக லென்ஸ் வெளிச்சத்துக்கு வரும். அப்போது காற்றுத் துவாரத்தின் மேல் துணியைப் போட்டு மூடிவிடாதீர்கள், கருவி சூடேறித் தானே அணைந்துவிடும். மண்டபத்தின் வாசலில் வேறொரு விளக்கைப் போட்டு ஈசலை அங்கே இழுத்துவிடுங்கள். மறுநாள் காற்று வடிகட்டியைக் கழற்றி, மென்மையான தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். விளக்கு வகைக் கருவி உள்ளவர்கள் மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை இதைச் செய்தால் போதும். பைக்கில் கொண்டுபோகிறவர்கள் பைக்குள் பஞ்சு மெத்தையும், மேலே மழை உறையும் போட்டு, கருவியின் லென்ஸ் மேல்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள்.